சுவத்துக்கு அந்தப்பக்கம் செவலை

சுத்தியல் நின்னுபோச்சு. நின்னா நிக்கட்டும், எனக்கென்ன. சோறு தின்னுட்டு, காலைத் தலகாணி மேல தூக்கி வெச்சுட்டு, சித்த நேரம் கண்ண மூடலாம்னு கட்டில்ல சாஞ்சேன், அதுக்குள்ள சுவத்துக்கு அந்தப்பக்கம் எங்கூட்டுக்காரரு டங்கு டங்குன்னு ஆரம்பிச்சாரு, அந்தச் சத்தத்துலயே தூக்கம் வர்ற மாதிரி இருந்துது, உடனே நிறுத்திட்டாரு. சத்தம் இருந்தாலும் தூக்கம் இல்ல, நின்னாலும் தூக்கம் இல்ல, என்ன கெரகமோ. வீடு கட்டும்போதே சொன்னேன், படுக்கற ரூமுக்கு ஒட்டுனாப்புல ஷெட்டப் போடாதீங்க, டீசல் நாத்தமும் கிரீஸ் நாத்தமும் தலகாணி உறையில ஏறிக்கும்னு. "பக்கத்துல இருந்தா நீ கூப்பிட்டாக் கேக்குமில்ல அம்மிணி"ன்னாரு எங்கூட்டுக்காரரு. அவருக்குக் கேக்குதோ இல்லியோ, எனக்கு அவரு மூச்சு விடறது வரைக்கும் கேக்குது. இப்ப டப்டப்புன்னு ரெண்டு தட்டு. ஸ்பேனர வெச்சு சேஸிஸ்ல ரெண்டு தட்டுத் தட்டுனாருன்னா யோசனை பண்றாருன்னு அர்த்தம். சென்னியப்பனுக்கு யோசனை வாய் வழியா வராது, ஸ்பேனர் வழியாத்தான் வரும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தான், எல்லாரும் பேச, இவரு மட்டும் காப்பி டம்ளர வெரல்ல ரெண்டு தட்டுத் தட்டிட்டு என்னப் பாத்தாரு, எங்க சித்தி மாப்பிள்ளைக்குக் காப்பி பத்தலைன்னு நெனச்சு இன்னொரு டம்ளர் கொண்டாந்து வெச்சுட்டா, அதையும் குடிச்சாரு பாவம். தொபீர்னு ஏதோ விழுந்துது. "அடடா, பாத்து"ங்கறாரு. யாருகிட்டயா? ஸ்பேனர்கிட்ட. அது சிமெண்டுத் தரையில விழுந்து அடிபட்டுருச்சாம். நான் விழுந்தப்பவும் இதே "அடடா, பாத்து"தான் சொன்னாரு, விழுந்து முடிச்சதுக்கப்பறம்.

"பூவாத்தா! பதினாலாம் நம்பரப் பாத்தியா?"ன்னு இப்பச் சுவத்துக்கு அந்தப்பக்கமிருந்து கேக்கறாரு. "சமையக்கட்டு ஜன்னல்ல இருக்குது, காத்துக்குக் கதவு அடிக்காம முட்டுக் குடுத்திருக்கறேன்"னு கத்துனேன். "எதுக்குங்க பதினாலாம் நம்பரு?"  செருப்புச் சத்தம் சமையக்கட்டுக்குப் போவுது, ஜன்னல் படார்னு அடிக்குது, செருப்பு திரும்பி வருது. "ஏனுங்க, உங்களத்தான். எதுக்கு பதினாலு?" "சும்மாதான்"ங்கறாரு. பதினாலாம் நம்பர் ஸ்பேனர எவனாவது சும்மா கேப்பானா? அவரு ஸ்பேனர் என்ர சமையக்கட்டுல இருக்குது, என்ர இட்லித்தட்டு அவரு ஷெட்டுல இருக்குது, டீசல் ஊத்தி நட்டுப் போல்ட்டக் குழிக்கு ஒண்ணா ஊறப் போட்டு வெச்சிருக்காரு, கேட்டா "கலந்துறாம இருக்கும் பாரு"ங்கறாரு. இந்தக் குடும்பத்துல எது யாரு சாமானம்னு பிரிக்கப் போனா விடிஞ்சுரும். பிரிச்சுத்தான் ஆகோணும் இப்ப. சாயங்காலம் எங்க வண்டிய வாங்கறதுக்கு ஒரு ஆளு வர்றான். வந்து வண்டியப் பாத்துட்டு, டயர ஒரு ஒதை ஒதைச்சுட்டு, வாங்க வர்றவனெல்லாம் எதுக்குத்தான் டயர ஒதைப்பானோ, சாவியக் குடுங்கம்பான். குடுக்க வேண்டியதுதான். நாந்தான சொன்னேன்.

நாந்தான் சொன்னேன், இல்லீங்கல. நித்யகலா திருப்பூர்ல இருந்து போன்ல, "அம்மா, காலு இப்படி ஆனதுக்கப்பறம் எதுக்கு இன்னும் அந்தத் தகர டப்பா, அப்பாவும் ஓட்ட மாட்டாரு, நீயும் ஓட்ட முடியாது, நின்னு நின்னு துருப்புடிக்கறதுக்கு வித்துடலாமில்ல, எங்கூட்டு அவிகளுக்குத் தெரிஞ்ச பவானி ஆளு ஒருத்தரு கேக்கறாரு"ன்னா. அந்த நீயும் ஓட்ட முடியாதுங்கறது இருக்குதே, சுருக்குன்னு இங்க வந்து குத்துச்சு. பெத்த புள்ள வாயில இருந்து. அன்னிக்குக் காலையிலதான் அந்த பிசியோ பொண்ணு வந்து, மடக்குங்கம்மா, மடக்குங்கம்மான்னு உசுர எடுத்துட்டுப் போயிருந்தா, முட்டிக்குள்ள ஏதோ கல்லு உக்காந்த மாதிரி ஒரு எடத்துக்கு மேல போகவே மாட்டீங்குது, அந்தக் கடுப்புல, "வித்துடுங்க, வித்துத் தொலைங்க, எனக்கு அதப் பாக்கவே புடிக்கல"ன்னு போன்லயும் சொல்லி, இவரப் பாத்தும் சொன்னேன். அதுக்கு என்ன சொல்லோணும் ஒரு மனுசன்? நீ சும்மா இரு பூவாத்தா, செவலைய விக்கறதாவது, அப்படின்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. "ம்"முன்னாரு. அவ்வளவுதான். ம். அடுத்த நாளே ஷெட்டுக்குள்ள போயிட்டாரு. ஒரே அரம் ராவல், ஒரே வெல்டிங்கு. வாங்க வர்றவனுக்குப் புது மாப்பிள்ளையாட்டம் காட்டறதுக்கு. நான் சொன்னா கேட்டுக்கறதா? இத்தனை வருசத்துல நான் சொன்ன எதக் கேட்டிருக்காரு, ஷெட்டுக் கட்டாதீங்கன்னேன் கேட்டாரா, இட்லித்தட்டத் தொடாதீங்கன்னேன் கேட்டாரா, இத மட்டும் அட்சரம் பிசகாமக் கேட்டுக்கறாரு. எனக்கு அழுகை அழுகையா வருது, அழுதா வெளிய கேக்கும், இந்தச் சுவரு ரெண்டு பக்கத்துக்கும்தான கேக்குது, அதனால இருமிக்கறேன். "தண்ணி குடி"ங்கறாரு அந்தப்பக்கம் இருந்து. போய்யா, நீயும் உன்ர தண்ணியும்.

செவலைன்னா எங்க பிக்கப்பு வண்டி, வந்த நாள்ல அதுக்கு பேனட்டே கிடையாது. அந்தியூர்ப் பக்கம் ஒருத்தரு தோட்டத்துல கெடந்துது, உள்ள சீட்டுப் பஞ்சுல கோழி முட்ட வெச்சிருந்துது, கிளட்ச் பெடலச் சுத்தி ஏதோ கொடி ஏறியிருந்துது. இத எதுக்குங்க கட்டி இழுத்துட்டு வர்றீங்கன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன், கோழிக்காரம்மா வேற முட்டையக் கேட்டு பின்னாடியே வந்துட்டா. மூணு மாசமோ நாலு மாசமோ, ஒண்ணொண்ணா கழட்டி, என்ர பழைய சேலைய எல்லாம் தொடைக்கற துணியாக் கிழிச்சு, எப்படியோ ஒரு நாள் உயிர் குடுத்துட்டாரு. துருவச் சொரண்டி ரெட் ஆக்ஸைட் அடிச்சாரு, மேல நல்ல பெயிண்டு அடுத்த கோயில் நோம்பிக்கு அடிக்கறேன்னாரு, அந்த நோம்பி இன்னும் வரல, அந்தச் செங்கல் நெறத்துலயே நின்னுபோச்சு, அதனாலதான் செவலை. பின்னாடி நான் ஓட்டலுக்கும் மண்டபத்துக்கும் போடற வாழை இலைக்கட்டு நசுங்காம இருக்க மூங்கத் தப்பை வெச்சு அடுக்கடுக்கா தட்டு, மேல சாக்கு, சாக்க நனைக்கறதுக்கு ஒரு ஓட்டைக் குழாய், அந்தக் குழாய்க்கு வைப்பர் தண்ணி மோட்டரு. நான் ஓட்டிட்டே ஒரு பட்டன அமுக்குனா பின்னாடி வாழை இலைக்கு மழை பெய்யும். முகூர்த்த நாள்ல மண்டபத்துச் சமையக்காரங்க, "அக்கா வண்டி இலைதான் வெட்டுன மாதிரியே இருக்குது"ம்பாங்க. வண்டியச் செஞ்சுட்டாரே ஒழிய ஓட்டறதுக்கு? முதல் நாள் அவருதான் எடுத்தாரு. ரிவர்ஸ் போட்டுட்டு முன்னாடி பாத்துட்டு இருந்தாரு, நேராப் பின்னால போயி வாய்க்காத் தண்ணியில உக்காத்திட்டாரு. எறங்கி, முழங்கால் தண்ணியில நின்னுட்டு, சாவிய என்ர கையில குடுத்தாரு. "எனக்கு அடியில படுத்தா எல்லாம் புரியுது பூவாத்தா, மேல உக்காந்தா ஒண்ணும் புரிய மாட்டீங்குது. நீ ஓட்டு"ன்னாரு. அவ்வளவுதான், அன்னிக்குப் புடிச்ச ஸ்டியரிங்கு. எனக்கு ஸ்கூட்டர் தெரியும், அந்தப் பழைய கியர் ஸ்கூட்டரு, இடது கையில கிளட்ச அமுக்கித் திருகுனா டக்குனு கியர் விழுமே அது, அது ஓட்டத் தெரிஞ்சவளுக்கு இதென்ன பெரிய சமாச்சாரம், கையில இருந்தது காலுக்கு வந்துருச்சு, அவ்வளவுதான வித்தியாசம். எனக்குக் காலு எட்டலைன்னு சீட்டோட தண்டவாளத்த அறுத்து முன்னாடி நகத்தி வெச்சாரு. அதனால இவரு அந்தச் சீட்டுல உக்காந்தா முழங்கால் ஸ்டியரிங்குல முட்டும். பக்கத்துச் சீட்டுலதான் வருவாரு, டேஷ்போர்டைப் புடிச்சுக்கிட்டு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு. "ஏனுங்க, தூக்கமா?"ம்பேன். "இல்ல, சாமி கும்புடறேன்"ம்பாரு.

காலு மரத்துப்போச்சு. சித்த நகத்தி வெச்சுக்கறேன். ஆத்தா, எங்கியோ போயி இழுக்குது. இந்தத் தட்டுல பவுடரப் போட்டு, குதிகால வெச்சு முன்னாடி பின்னாடி தேய்க்கோணுமாம், தினமும். தேய்ச்சுத் தேய்ச்சு வீடே பவுடர் மணக்குது, முன்னெல்லாம் நான் போற எடமெல்லாம் பச்சை இலை மணக்கும். பஸ் ஸ்டாண்டு ஓட்டல் பின்வாசல்ல, அதே வாசல், எத்தனையோ தடவ எறங்கி ஏறுன வாசல், அன்னிக்கு வண்டி மேல நின்னு கட்டு எடுத்துக் குடுத்துட்டு எறங்குனேன், கீழ ஒரு இலை கெடந்திருக்குது, ஈர இலை, என்ர இலையே, அதுல கால் வெச்சுட்டேன். விழுந்தது கூட ஞாபகமில்ல, படுத்துக்கிட்டு செவலையோட அடிப்பாகத்தப் பாத்ததுதான் ஞாபகம், ஓ, இதைத்தான் இந்த மனுசன் தினமும் பாத்துட்டு இருக்காராக்கும்னு தோணுச்சு, அப்பறந்தான் வலி வந்துது. தகடு வெச்சுக் கட்டிட்டாங்க. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், எல்லாம் பண்ணலாம்மான்னாரு டாக்டரு. வண்டி ஓட்டலாமான்னேன். ஸ்கூட்டியான்னு கேட்டாரு. இல்லீங்க பிக்கப்புன்னேன். சிரிச்சாரு. நல்ல மனுசன்தான், ஆனாச் சிரிச்சாரு. ஆசுபத்திரிக் கட்டில்ல கால்மாட்டுக் கம்பிய இடது காலால அமுக்கிப் பாத்தேன், யாருக்கும் தெரியாம, போர்வைக்குள்ள. கிளட்சுன்னு நெனச்சுக்கிட்டு. உயிரே போச்சு. முழுசா அமுக்க முடியல, பாதி அமுக்குனதையும் மெதுவா விட முடியல, டபக்குனு விட்டுருது. கிளட்ச டபக்குனு விட்டா என்னாகும்? முன்னாடி நிக்கற ஆள் மேல ஏறும். பள்ளிக்கூடப் புள்ளைங்க போற ரோடு. அன்னிக்கு ராத்திரி கனவுல நான் அமுக்கறேன், பெடலே இல்ல, கோழி உக்காந்திருக்குது. இவருகிட்டச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. பாக்கவே புடிக்கலைன்னு மட்டும் சொன்னேன், வீட்டுக்கு வந்ததுல இருந்து ஷெட்டுப் பக்கமே போகல. பாத்தா ஏறத் தோணும், ஏற முடியலைன்னா அப்பறம் எனக்கு நான் யாருன்னே தெரியாது. அதுதான் பயம். காலப் பத்தியில்ல பயம்.

டிக். உஸ்ஸ். இதென்ன சத்தம், புதுசா இருக்குது. டயர்ல காத்து எறங்குதா? இல்ல, காத்து எறங்குனா விடாம எறங்கும், இது சின்னதா உஸ்ஸுனுட்டு நின்னுக்குது, பிரேக் அமுக்குனா உள்ள இருந்து வருமே அந்த மாதிரி. இஞ்சின் வேற ஓடிட்டு இருக்குது, எப்ப ஸ்டார்ட் பண்ணுனாரு, கண்ணசந்துட்டேன் போல இருக்குது. செவலை சத்தம். தொண்டையில சளி கட்டுன மாதிரி, அதுக்குன்னு ஒரு சத்தம். வாங்க வர்றவன் கேட்டா இஞ்சின் வேலை இருக்குதும்பான், ஒரு வேலையும் இல்லடா மடையா, அது பொறந்த குரலே அப்படித்தான். அவனுக்கு என்ன தெரியும், மழைக்காலத்துல ரெண்டு தடவ சாவிய முறுக்கிட்டுச் சித்தப் பொறுக்கோணும்னு தெரியுமா, மூணாவது கியருக்கு லேசா வெளிப்பக்கம் தள்ளிப் போடோணும்னு தெரியுமா, மேட்டுல போகும்போது ரெண்டு நல்ல வார்த்தை சொல்லோணும்னு தெரியுமா. எவனோ மணல் அடிப்பான், கோழித்தீவனம் ஏத்துவான், அந்த மழை பெய்யற குழாயப் புடுங்கிப் போட்டுருவான். இப்பவே ஓட்டலுக்கு வேற எவனோ இலை போடறானாம், பாதி கிழிஞ்ச இலையாம், சாம்பாரு மேசைக்கு ஓடுதாம். கேட்டப்பச் சந்தோசமாத்தான் இருந்துது, பொய் சொல்லுவானேன். டிக். உஸ்ஸ். வெல்டிங் வேற நேத்தெல்லாம். என்னத்துக்கு வெல்டிங்குன்னு கேட்டேன், படிக்கட்டுங்கறாரு. எந்தப் படிக்கட்டு? அன்னிக்குப் பாத்ரூம் படியில நான் ஏறி எறங்கறத நின்னு பாத்துட்டு இருந்தாரு, நான் போனதும் குனிஞ்சு அந்தப் படிய சாண் போட்டு அளந்தாரு, நான் திரும்பிப் பாத்துட்டேன், திருடுன மாதிரி முழிச்சாரு. சரி, பாத்ரூமுக்கு இன்னொரு படி வெக்கறாரு போல, நல்லதுதான்னு விட்டுட்டேன். நேத்துக் காலையில வாசல்ல நிக்கற என்ர பழைய ஸ்கூட்டர் மேல போட்டிருந்த தார்ப்பாய் கோணையாக் கெடந்துது, அதுக்கும் சத்தம் போட்டேன், மழை வந்தா நனையும், வண்டியத்தான் விக்கறீங்க அதையாவது ஒழுங்கா மூடுங்கன்னு. "ம்"முன்னாரு. இந்த ம்முக்கு ஒரு நாள் இருக்குது.

டிக்.

இரு. இந்த டிக்கு எனக்குத் தெரியும். இது செவலை சத்தமில்ல. இது ஸ்கூட்டர் கிளட்சு. அந்த இடது கைப் புடி, லேசா ஆட்டம் குடுத்து, அமுக்குனா முதல்ல ஒரு டிக்கு, அப்பறம் கேபிள் இழுக்கும். நித்யகலாவ முன்னாடி நிக்க வெச்சுட்டு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகும்போது, "அம்மா, டிக்கு பண்ணட்டுமா"ன்னு அவளும் கைய வெப்பாளே, அந்த டிக்கு. ஸ்கூட்டரு ஸ்டார்ட் ஆகி எத்தனை காலமாச்சு, ஓடறது செவலை இஞ்சின், டிக்கு ஸ்கூட்டரோடது. அப்படின்னா. தார்ப்பாய் கோணையா இருந்துதே. ஸ்கூட்டர்ல இருந்து புடிய மட்டும் கழட்டி. அந்த உஸ்ஸு. பிரேக்குக்கு ஒரு தகர டப்பா இருக்குமே, நாம லேசா அமுக்குனா போதும், இஞ்சினே காத்த உறிஞ்சி மீதியப் பாத்துக்கும்னு முன்னொரு தடவ சொல்லியிருக்காரு, அது மாதிரி இன்னொரு டப்பா எங்கியோ உடைச்ச வண்டியில இருந்து கொண்டாந்தாரே போன வாரம், அழுக்கா இருக்குதுன்னு நான் வாசல்லயே வெக்கச் சொன்னேனே, அது. கையில டிக்கு, டப்பா உஸ்ஸு, கிளட்சு இறங்குது. காலே வேண்டாம். அட சாமி. அட என்ர சாமி. விக்கறதுக்கில்ல. இந்த மனுசன் விக்கறதுக்குப் பண்ணல. இத்தனை நாளா, நான் இந்தப்பக்கம் படுத்து வண்டி வண்டியாத் திட்டிட்டு இருக்கறேன், அந்தப்பக்கம் எனக்குக் காலு செஞ்சுட்டு இருக்காரு. ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்ல மாட்டாரு. சொல்லி, அது சரியா வராமப் போச்சுன்னா நான் ஒடைஞ்சுருவேன்னு நெனச்சிருப்பாரு. தெரியும் எனக்கு. இருபத்தஞ்சு வருசமா கண்ண மூடிட்டே பக்கத்துல உக்காந்து வந்த ஆளு, என்னையத்தான் பாத்துட்டே வந்திருக்காரு போல இருக்குது. தலகாணி நனைஞ்சுபோச்சு. நனையட்டும். டீசல் நாத்தம் கொஞ்சம் போகும்.

டிக். உஸ்ஸ். கியர் விழுது, கடக். கியர் வெளிய வருது, கடக். அப்பறம்தான் புடிய விடறாரு. மறுபடியும், டிக், உஸ்ஸ், கடக், கடக். கியர்ல வெச்சுட்டுப் புடிய விட்டா வண்டி நகந்துருமேன்னு பயம் அவருக்கு, வாய்க்கா ஞாபகம். ஆனா ஏதோ ஒண்ணு இடிக்குது. டிக்கு வர்றது மேல இருந்து, ஸ்டியரிங்கு கிட்ட இருந்து. கடக்கு வர்றது கீழ இருந்து. புடிய அமுக்கிப் புடிச்சுட்டு இருக்கும்போதே கியர் விழுது. அப்ப ரெண்டு கை. ஒரு கை புடியில, ஒரு கை கியர்ல. அடக் கடவுளே. கதவத் தொறந்து வெச்சுட்டு வெளிய நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் உள்ள விட்டுப் பாத்துட்டு இருக்காரு இந்த மனுசன்! ஓட்டறவளுக்கு வலது கை ஸ்டியரிங்குலயில்ல இருக்கும்? மிச்சம் இருக்கறது ஒரே இடது கை. அதுல கிளட்ச அமுக்குனா கியர் யாரு போடறது, கியரப் போட்டாக் கிளட்ச யாரு அமுக்கறது? இவருக்கு என்ன தெரியும், ஒழுங்கா ஒரு நாள் ஓட்டியிருந்தாத்தான தெரியும்? எவ்வளவு யோசிச்சு, படிய எல்லாம் சாண் போட்டு அளந்து, டப்பாவத் தேடிக் கொண்டாந்து, கடைசில இத விட்டுட்டாரே. இதோட என்னைய ஏத்தி உக்கார வெச்சா, நான் ஒரு தடவ போட்டுப் பாத்து முடியாதும்பேன், அவரு மூஞ்சி சுருங்கிரும், அப்பறம் அந்தப் பவானிக்காரன் சாவிய வாங்கிட்டுப் போயிருவான். "ஏனுங்க!"ன்னு கத்தறேன். இஞ்சின் சத்தத்துல கேக்கல. ஒட்டிக் கட்டுன ஷெட்டு, மூச்சு விட்டாக் கேக்குதாம், இப்பக் கேக்கல. "ஏனுங்க, அது அங்க வெக்கக் கூடாதுங்க!" டிக். உஸ்ஸ். கடக்.

வாக்கர் எங்க. இங்க. எந்திரி பூவாத்தா. முட்டியே, சித்தப் பொறுத்துக்கோ, உன்னைய மடக்கச் சொல்லல, கூட வந்தாப் போதும். கதவு, வாசப்படி, வெயிலு மூஞ்சில அடிக்குது, அஞ்சு மணி வெயிலு, கேட்டுக்கு அந்தப்பக்கம் யாரும் வரல இன்னும். ஷெட்டு வாசல்ல வந்து நின்னேன். அதே செங்கல் நெறம். பாத்துட்டேன், இத்தனை நாள் பாக்காம இருந்தத. ஓட்டற பக்கத்துக் கதவுக்குக் கீழ ஒரு படி வெல்டு வெச்சிருக்குது, எங்க பாத்ரூம் படி ஒசரத்துக்கு அச்சா அதே ஒசரம், மேல சொரசொரப்பா கால்மிதி ரப்பர்த் துண்டு ஒட்டியிருக்குது, வழுக்காம. இவரு நான் நெனச்ச மாதிரியே வெளிய நின்னு உள்ள கைய விட்டுட்டு, முதுகக் காட்டிட்டு, செவலைகிட்ட என்னமோ சொல்லிட்டு இருக்காரு. "அவ வந்து புடிச்சா நீ ஒழுங்கா வரோணும், என்ன"ங்கறாரு. என்னால அழுகவும் முடியல சிரிக்கவும் முடியல.

"ரெண்டு கையும் உள்ள விட்டா ஸ்டியரிங்க உங்கப்பனா புடிப்பாரு?"ன்னேன்.

திரும்பிப் பாத்தவரு அப்படியே நின்னுட்டாரு. என்னையப் பாக்கறாரு, வாக்கரப் பாக்கறாரு, புடியப் பாக்கறாரு. ரெண்டு கையையும் வெளிய எடுத்து அதையும் பாக்கறாரு. "அட"ங்கறாரு. "அட ஆமா பூவாத்தா. எனக்கு அது தோணவே இல்லியே." மூஞ்சி சுருங்க ஆரம்பிக்குது, நான் நெனச்ச மாதிரியே. "நாளைக்குப் பூராவும் கழட்டி மாத்தோணும். அந்த ஆளு இப்ப வந்துருவான். நித்யா வேற மாப்பிள்ளைகிட்டச் சொல்லி..." "கழட்ட வேண்டாங்க. புடிய எடுத்து கியர்க் கம்பு மேல வெச்சுக் கட்டுங்க. கைய எடுக்காம ரெண்டு வேலையும் ஆகும், ஸ்கூட்டர்ல அப்படித்தான, புடிய அமுக்கிட்டேதான கியரத் திருகுவோம்?"  அவரு கியர்க் கம்ப ரெண்டு தட்டுத் தட்டுனாரு. வேகத்தப் பாக்கோணுமே, பதினாலாம் நம்பரு, டியூப் ரப்பர்த் துண்டு, கேபிளு நல்லவேளை நீளமாத்தான் விட்டிருந்தாரு, ரப்பர இழுத்து இழுத்துச் சுத்திக் கட்டறாரு.  "நீங்க எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க?"ன்னேன். "அந்த ஆளு வந்து நின்னதுக்கப்பறம், வண்டி குடுக்கறதில்லைன்னு சொல்லலாம்னு இருந்தேன்"னாரு. "அதுவரைக்கும் நான் செத்துச் சுண்ணாம்பா ஆகறதா? வித்துருவீங்கன்னு நெனச்சு எத்தன நாளா..." "விக்கறதா? நானா?"ன்னு கேட்டாரு, நெசமாவே புரியாம. "நீ அன்னிக்கு வலியிலதான அப்படிச் சொன்ன."

வலது காலு முதல்ல படியில. இடத கையில தூக்கி வெச்சேன், அவரு தாங்கிப் புடிச்சாரு. சீட்டுல உக்காந்தேன். எனக்குன்னு அறுத்து முன்னாடி வெச்ச சீட்டு, அப்படியே பள்ளம் விழுந்து எனக்கு எடம் வெச்சிருந்துது. இடது கால பெடல்கிட்ட போகாம ஓரமா நீட்டி வெச்சேன், அது அங்க சும்மா கெடந்துது, வேலையில்லாத மாமனாராட்டம். வலது கை ஸ்டியரிங்கு. இடது கை கியர்க் கம்பு, வெரலுக்கடியில அந்தப் பழைய புடி, ஈயம் தேஞ்சு வழுவழுன்னு, என்ர கைதான் தேச்சுது அத. பயமா இருக்குதான்னு கேட்டா, ஆமா, டபக்குனு விட்டுருவேனோ, முன்னாடி யாராவது. காலு விட்ட மாதிரி கையும் விட்டுருச்சுன்னா. "ஏறுங்க"ன்னேன். "நானா? நான் வெளிய நின்னு..." "ஏறுங்கன்னேன்." சுத்தி வந்து ஏறுனாரு. டேஷ்போர்டைப் புடிச்சாரு. கண்ண இறுக்க மூடிட்டாரு. "சாமி கும்புடறீங்களா?" "ம்." அந்த ம்ம நான் இனிமேத் திட்ட மாட்டேன், இன்னிக்கு மட்டும். அமுக்குனேன். டிக். உஸ்ஸ். கம்பத் தள்ளுனேன், கடக்குனு முதல் கியர் விழுந்துது. இப்ப விடோணும். மெதுவா. வெரல் ஒண்ணொண்ணா. டப்பா மெல்ல மூச்சு விட்டுது, செவலை ஒரு உலுக்கு உலுக்குச்சு, நின்னுபோயிருமோன்னு பாத்தேன், இல்ல, ஆக்ஸிலேட்டர லேசா, வா சாமி, வா என்ர தங்கம், ரெண்டு நல்ல வார்த்தை சொன்னேன், நகருது. நகருது! ஷெட்டு நெழலு பேனட்டு மேல இருந்து வழிஞ்சு போச்சு, வெயிலு வந்துது, பின்னாடி மூங்கத் தப்பையெல்லாம் கலகலன்னு ஆடுது. கை தெரிஞ்சு வெச்சிருக்குது, அத்தனை வருசமும் மறக்காம வெச்சிருந்திருக்குது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கோணும் போல இருந்துது, போட்டேன். பட்டன அமுக்கிப் பாத்தேன், பின்னாடி வெறும் சாக்கு மேல மழை பெஞ்சுது. "தண்ணி ரொப்பி வெச்சிருந்தீங்களா?" "ம்"ங்கறாரு, கண்ண மூடிட்டே.

கேட்டு வரைக்கும் போயிட்டேன். தொறந்துதான் இருந்துது. அதுக்கு நேரா ஒரு மோட்டார் பைக்கு வந்து குறுக்க நின்னுது, சட்டைப் பாக்கெட்டுல பேனா குத்துன ஒரு ஆளு, என்ர மக வயசு இருக்கும், ஹெல்மெட்டக் கழட்டிட்டு என்னைய அண்ணாந்து பாத்தான். "அக்கா, பவானியில இருந்து வர்றனுங்க. வண்டியப் பாக்கச் சொன்னாங்க"ன்னான்.

"பாத்துட்டீங்கல்ல சாமி?"ன்னேன். "பைக்கச் சித்த ஓரமா எடுங்க. இலை எடுக்கப் போகோணும்."